சாரத்தின் மேல் யார் விலகுவது

என் அன்பு மகனுக்கு,

லோரி டிரைவர் மூலம் நீ கொடுத்தனுப்பிய பாடக்குறிப்புகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. கோலாலம்பூரில் புதிதாகச் சேரும் கட்டட வேலையாட்களுக்கும் அவர்களை நடத்தும் மேற்பார்வையாளர்களுக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுக்க உன் கம்பெனி உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று படித்தபோது, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். பெருமைதான். அதை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன், மார்க்கெட்டில் சொன்னேன், தானா ராத்தா பஸ் நிலையத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாய் கேட்காமலே அவரிடமும் சொன்னேன். அதன் பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உன் தமிழைத் திருத்தினேன். 'பாதுகாப்பு உபகரணங்களை அணிந்திருத்தல் இன்றியமையாதது' என்று எழுதியிருக்கிறாய். யாருக்காக எழுதினாய்? மேடையில் பேசப்போகிறவனுக்கா? 'தொப்பி, பெல்ட், பூட்ஸ் போடாமல் மேலே ஏறக்கூடாது' என்று மாற்றியிருக்கிறேன். சிமெண்டு மூட்டை சுமக்கிறவன் ஒரு தடவை கேட்டால் மனத்தில் நிற்க வேண்டும். ஏணியைச் சாய்த்து வைக்கும் முறை, தூக்கும் சுமைக்குக் கீழே நிற்காமல் இருப்பது, தோண்டிய குழியின் ஓரத்தில் மண்ணைக் குவிக்காமல் இருப்பது, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. நீ கவனமான ஆள். ஆனால் ஒரு பாடம் விடுபட்டிருக்கிறது. அதைச் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுத முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நேரிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். போன வாரம் பஸ் ஏறி, கம்போங் ராஜாவில் நீ கட்டிக்கொண்டிருக்கும் கடைவீட்டைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஒரு மேற்பார்வையாளனை அவன் ஆட்கள் முன்னால் அவன் தாயே திருத்துவது சரியில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு, கொண்டு வந்த தோசையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு மூச்சு சீராகவே இல்லை. மலைப்பாதை வளைவுகள் காரணம் என்று நடத்துநரிடம் சொன்னேன். காரணம் அது இல்லை.

நான் கண்டதைச் சொல்கிறேன். நீ எனக்குக் கட்டடத்தைக் காட்டுவதற்காக ஏணியில் ஏறி, இரண்டாம் மாடிச் சாரத்தில் நடந்தாய். எதிரே ஒருவர் தோளில் சாந்துச் சட்டியோடு வந்தார். நரைத்த மீசை, நீலச் சட்டை. உன்னைப் பார்த்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? சாரத்தின் மூங்கிலைப் பிடித்திருந்த கையை எடுத்தார். அந்தக் கையால் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பிறகு வெளிப்பக்கம், வெறும் காற்று இருக்கும் பக்கம், பலகையின் விளிம்பில் ஒதுங்கி நின்று உனக்கு வழி விட்டார். நீ "என்னண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சுவர்ப்பக்கமாக அவரைக் கடந்து போனாய். அன்பாகத்தான் கேட்டாய். அவரும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். உங்கள் இருவருக்கும் நடந்தது தெரியவே இல்லை. கீழே நின்ற எனக்கு மட்டும் அவருடைய குதிகால் பலகைக்கு வெளியே நின்றது தெரிந்தது.

இதே காரியத்தை இன்னொருவர் செய்தது எனக்குத் தெரியும். அவர் அன்றைக்கு வழி விட்டது உன் அப்பாவுக்கு. உன் அப்பா இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ அப்போது ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையின் புது மாடியில் கொழுந்து வாட ஆரம்பித்திருந்தது. அவர் சொல்லாததை நான் சொல்வது சரியா என்று யோசித்தேன். உயிரோடு இருந்திருந்தால், அந்தச் சாரத்தைப் பார்த்த அன்றைக்கே அவரே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார் என்ற முடிவுக்கு வந்தேன்.

எஸ்டேட்டில் தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டி, கொழுந்து வாட்டுவதற்கு இன்னொரு மாடி எழுப்பினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த உன் அப்பாவைக் கட்டட வேலையைக் கவனிக்கப் போட்டார்கள். கொத்து வேலைக்கு டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மண், கல், சாந்து சுமப்பதெல்லாம் நம் லயத்து வீடுகளில் குடியிருந்த எஸ்டேட் ஆட்கள். அவர்களில் பலர் அதுவரை தேயிலைச் செடியை விட உயரமான எதன் மேலும் ஏறாதவர்கள். அதனால் எஸ்டேட் மேனேஜர் துரை, பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க சியா என்ற ஒரு சீனரை வரவழைத்தார். குட்டையான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, நேரம் தவறமாட்டார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். எஸ்டேட்டில் என்னைவிட நன்றாக இரண்டும் தெரிந்தவர் யாரும் இல்லை. கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். சியா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை. தொப்பியை ஏன் போட வேண்டும், ஏணியில் இறங்கும்போது முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், மேலே நடக்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். கடைசியில் நானே கேள்வி கேட்டேன். ஒவ்வொருவரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சும்மா தலையாட்டுவதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ராமையா என்று ஒருவர், நல்ல உயரம், குரலும் அப்படித்தான். அவர் எழுந்து, "மேல நடக்கையில ஒரு கை புடிமானம், தலையில தொப்பி, கண்ணு பலகையில. ராத்திரி கனவுல கேட்டாலும் சொல்லுவேன்ம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி அஞ்சலை பின்பெஞ்சிலிருந்து, "கனவுல இவரு பேசறது எனக்குத்தானே தெரியும், கொறட்டைதான் வருது" என்றாள். அப்போதும் சிரித்தார்கள். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். சியா என்னிடம், இப்படி ஒரு வகுப்பைத் தாம் பார்த்ததில்லை என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ராமையா விழுந்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில். மழை இல்லை, பலகை வழுக்கவில்லை. அவர் தோளில் சாந்துச் சட்டியோடு வந்தார். எதிரே உன் அப்பா சுவரின் மட்டம் பார்ப்பதற்காக வந்தார். ராமையா மூங்கிலிலிருந்து கையை எடுத்தார், தொப்பியைக் கழற்றினார், வெளிப்பக்கம் ஒதுங்கினார். செங்கல்லை மேலே இழுப்பதற்காக அந்த இடத்தில் மட்டும் தடுப்பு மூங்கிலை அவிழ்த்திருந்தார்கள். கீழே மணல் குவித்திருந்தார்கள். அந்த மணல்தான் அவர் உயிரைக் காத்தது. இடுப்பெலும்பு உடைந்தது. எஸ்டேட் லோரியில் படுக்க வைத்து, உன் அப்பா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் விலகுன்னு ஒரு வார்த்த சொல்லல. வாயே தொறக்கல" என்றார். அதையே மறுபடியும் சொன்னார்.

சாயங்காலம் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராமையா படுத்த படுக்கையில் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். அவர் முதலில் கேட்டது, "ஐயா கால்சட்டையில சாந்து தெறிச்சிருச்சே, போயிருச்சாங்கம்மா?" உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் கேட்டேன்: "ராமையா, பாடத்துல என்ன சொன்னோம்? ஒரு கை புடிச்சிருக்கணும்னு சொன்னோமா இல்லையா?"

"சொன்னீங்கம்மா. புடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வியப்பு இருந்தது. "ஐயா வந்தாருல்லம்மா. ஐயா வரும்போது நான் எப்படிம்மா நடு வழியில தொப்பியோட நிக்கிறது?"

கட்டில் அருகில் நின்ற அஞ்சலை, "விலகுனாரு பாருங்க, பெரிய மரியாத. மேகத்துல கால வச்சி விலகுனாரு" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் உடையவில்லை.

நீ எஸ்டேட்டில் பிறந்தவன், இருந்தாலும் விடுதியில் வளர்ந்தவன். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் துரையோ கிராணியோ எதிரே வந்தால், வேலையாள் தலைத்துண்டை எடுத்துவிட்டுப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவார். பெரியவர் மேட்டுப் பக்கமாகப் போவார். பள்ளத்தில் காலடிக்குத் தேயிலைச் செடி இருக்கும், பிடித்துக்கொள்ளக் கிளை இருக்கும், ஒன்றும் ஆகாது. ராமையாவின் தகப்பனார் அப்படி ஒதுங்கினார், சிறு பையனாக இருந்த ராமையாவைக் கையில் பிடித்துக்கொண்டே ஒதுங்கினார். அது சிந்தித்துச் செய்வது இல்லை. நான் படித்த கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரி சிஸ்டர் வந்தால், தாழ்வாரத்தில் நாங்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நிற்போம். எனக்கு இன்றைக்கும், தானா ராத்தாவில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் எதிரே வந்தால், முதுகு தானாகவே சுவரைத் தேடும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, தேடுவது நிற்கவில்லை. ராமையாவுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு, என் பின்னால் சுவர் இருந்தது என்பதுதான்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரியாதை தவறு என்று நான் சொல்லவில்லை. கடைத்தெருவில் இன்றைக்கும் பழைய ஆட்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்று "அம்மா, சொகமா?" என்று கேட்டால் எனக்குப் பிடிக்கும். அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை. ஆனால் நாங்கள் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எல்லாம் காதில் நின்றது, மரியாதை காலில் இருந்தது. எதிரே ஐயா வந்த அந்த ஒரு கணத்தில் கால்தான் வேலை செய்தது.

நடந்ததை விசாரிக்க சியா திரும்பி வந்தார். ராமையா தொப்பியைக் கழற்றினார் என்பது அவருக்குப் புரியவே இல்லை. சூடாக இருந்ததா, அளவு சரியில்லையா என்றெல்லாம் கேட்டார். "என் கணவர் வந்தார், அதனால் கழற்றினார்" என்று சொன்னேன். கோபத்தில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை, வந்தார், அவ்வளவுதான் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அப்படின்னா நான் ஆளுங்களுக்கு மட்டும் பாடம் நடத்தினது தப்பு. மேல வர்றவங்களுக்கும் நடத்தணும்லா" என்று தம் ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுநாள் மாரியம்மன் கோயில் திடலில், செங்கல் அடுக்கி அதன் மேல் ஒரு நீளப் பலகையைப் போடச் சொன்னார். முழங்கால் உயரம்கூட இல்லை. ஆட்கள் காலிச் சட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமிருந்து வர வேண்டும், உன் அப்பா மறுபக்கமிருந்து வர வேண்டும், யாரும் இறங்கக்கூடாது, தொப்பியைக் கழற்றக்கூடாது. இறங்கினால் செத்ததாகக் கணக்கு, கோயில் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று எல்லாரும் உற்சாகமாக வந்தார்கள். முதலில் மண்டோர் சுப்பன் வந்தார். ஆட்களை மேய்ப்பவர், மற்றவர்களுக்குச் செய்து காட்ட வேண்டியவர். உன் அப்பா பாதி தூரம் வந்ததுமே அவர் கை தொப்பிக்குப் போனது, கால் கீழே இறங்கியது. இறங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. திடல் முழுவதும் சிரிப்பு.

"என்னா மண்டோரே, மொத சாவே உங்களுதா?"

"சும்மா இருங்கடா. கால் தானா எறங்கிருச்சு."

"மரத்தடிக்குப் போங்க. கருமாதிக்கு நாளு பாக்கறோம்."

அடுத்தவர் வந்தார், இறங்கினார். அதற்கடுத்தவர் "நான் எறங்க மாட்டேன் பாருங்க" என்று சபதம் செய்துவிட்டு வந்தார், தொப்பியைக் கழற்றாமல் இறங்கினார். இன்னொருவர் இறங்காமல் நின்றார், ஆனால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மரத்தடியில் செத்தவர்கள் கூட்டம் பெருகியது. அவர்கள் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, உயிரோடு இருந்தவர்களைக் கேலி செய்தார்கள். "வாங்க வாங்க, இங்கதான் நல்ல நெழலு" என்று ஒருவர் கூப்பிட்டார். நானும் சிரித்தேன். சியா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "மேற்பார்வையாளர் பின்னால் நடக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சுமையோடு வருகிறவருக்குத்தான் பாதை. வெறுங்கையோடு வருகிறவர் திரும்பாமல், விலகாமல், பின்னாலேயே அடி வைத்துத் தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டும்" என்றார்.

அதை நான் உன் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் எல்லாரும் கேட்கத் தமிழில் சொன்னேன், அது என் வேலை. சிரிப்பு நின்றுவிட்டது. உன் அப்பா பலகையின் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "நான் பின்னால நடக்கணுமா? இவங்க முன்னாலயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான், "அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்" என்றேன். அவர் நகரவில்லை. கெட்ட மனிதர் அல்லர் அவர். ராமையாவுக்காக ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆனால் அத்தனை பேர் முன்னால், கோயில் திடலில், கூலியாள் ஒருவருக்குப் பின்வாங்கி நடப்பது என்பது அவருடைய காலுக்கு அந்நியமான வேலை. அவரை அப்படிப் பழக்கியவர்கள் அந்த மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். பெண்கள் கீழேதான் வேலை செய்தார்கள், அவளுக்கு அன்றைக்குப் பயிற்சி கிடையாது. வேடிக்கை பார்க்க நின்றவள் யாருடைய தொப்பியையோ வாங்கிக் கொண்டைக்கு மேல் வைத்துக்கொண்டாள். ஒரு சட்டியில் மணலை வாரி நிரப்பி இடுப்பில் வைத்தாள். "காலிச் சட்டிய வச்சிக்கிட்டு என்னா பாடம் படிக்கிறீங்க?" என்று ஆட்களைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பலகையில் ஏறினாள். ஒரு கையால் சட்டியை அணைத்துக்கொண்டு, கண்ணைப் பலகையில் வைத்து, நேராக உன் அப்பாவை நோக்கி நடந்தாள். ஒரு முழ இடைவெளியில் நின்றாள்.

"ஐயா, வழி விடுங்க. சட்டி கனக்குது."

அஞ்சலை சட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"ஒதுங்க வேணாம். எங்க வீட்டுக்காரரு ஒதுங்குனாரு, இப்ப படுத்துக் கெடக்கறாரு. நான் ஒதுங்க மாட்டேன், நீங்களும் ஒதுங்க வேணாம். வந்த வழியே பின்னால போங்க. கோவம் இருந்தா கீழ எறங்குன பெறகு திட்டுங்க, வாங்கிக்கறேன்."

உன் அப்பா மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டினால் அவர் எனக்காகச் செய்ததாக ஆகிவிடும். அவர் இடது காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு வலது காலை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மெதுவாக, ஒவ்வோர் அடியாகப் பலகையின் முனை வரைக்கும் பின்னாலேயே போய் இறங்கினார். அஞ்சலை அவரைத் தொடர்ந்து வந்து, முனையில் இறங்கி, மணலைக் கொட்டினாள். சட்டியைக் கீழே வைத்தாள். அதன் பிறகு தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடி, ஒரு பக்கம் ஒதுங்கி நின்று, "சலாங்கய்யா" என்றாள். உன் அப்பா சிரித்துவிட்டார். ராமையா விழுந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, "நாங்க மறுபடி வர்றோம், எங்களுக்கு உசுரு குடுங்க" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இந்தத் தடவை காலிச் சட்டி இல்லை, மணல் நிரப்பிய சட்டி.

அன்று பொழுது சாயும்வரை நடந்தார்கள். உன் அப்பாவும் நடந்தார். முன்னால் வருவதை விடப் பின்னால் போவதற்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டியிருந்தது. அடுத்த வாரம் துரை வேலையைப் பார்க்க வந்தபோது, ஏணியடியில் அவரை நிறுத்தி, "சார், மேலே இங்கே நாம்தான் பின்னால் போவோம்" என்று உன் அப்பா சொன்னார். கோயில் திடலில் நடந்ததை விட அதுதான் தமக்குக் கடினமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். துரை முதலில் புருவத்தைத் தூக்கினாராம். பிறகு எதிரே சட்டியோடு ஆள் வந்தபோது, அவரும் பின்னால் நடந்தாராம். அந்தக் கட்டடம் முடியும்வரை அதன் சாரத்திலிருந்து வேறு யாரும் விழவில்லை. ராமையா ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். ஏணியடியில் அவருக்கு ஒரு பெட்டியைப் போட்டு உட்கார வைத்தார்கள். தொப்பி இல்லாமல் யாரும் அவரைத் தாண்டி ஏற முடியாது. உன் அப்பாவைக்கூட ஒருநாள், "ஐயா, தல மொட்டையா இருக்குது" என்று திருப்பி அனுப்பினார். சொல்லும்போது எழுந்து நின்றுதான் சொன்னார். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. தரையில்தானே நின்றார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் குறிப்பில் ஆட்கள் செய்ய வேண்டியது எல்லாம் இருக்கிறது. மேலே வருகிற நீ செய்ய வேண்டியது இல்லை. உன் ஆட்கள் உன்னை 'சார்' என்று கூப்பிடுகிறார்கள், நீ அவர்களை 'அண்ணே' என்று கூப்பிடுகிறாய். அதனால் உன் அப்பா காலத்து வழக்கமெல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறாய். போகவில்லை. அந்த நீலச் சட்டைக்காரர் உன்மேல் பயந்து ஒதுங்கவில்லை, நீ நல்லவன் என்பதற்காகத்தான் ஒதுங்கினார். கொடுமையான மேற்பார்வையாளனுக்கு ஒதுங்குகிறவன் குறைந்தபட்சம் முறைத்துக்கொண்டாவது நிற்பான், கால் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அன்பாக ஒதுங்குகிறவர் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் கால் வைப்பார். கோலாலம்பூரில் உன் வகுப்பில் உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட்டை விட்டு வேலை தேடிப் போனவர்களின் பிள்ளைகள். அங்கே கட்டுவது இரண்டு மாடி இல்லை. கீழே மணல் குவியலும் இருக்காது.

அதனால் உன் முதல் பாடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வை. மேற்பார்வையாளர்களைப் பேச்சுக் கேட்க உட்கார வைக்காதே, பலகையில் ஏற்று. அவர்களுக்கு முன்னால் நீ ஏறு. அதற்கும் முன்னால், கம்போங் ராஜாவை விட்டுக் கிளம்புவதற்குள், அந்த நரைத்த மீசைக்காரரைச் சாரத்தில் எதிர்கொள். அவர் ஒதுங்கும் முன்பே, "அண்ணே, கையெடுக்காதீங்க, தொப்பி இருக்கட்டும்" என்று சொல். சொல்வதோடு நிற்காமல் பின்னால் நட. சொல் அவர் காதுக்குத்தான் போகும். நீ நடப்பதைத்தான் அவருடைய கால் பார்க்கும். ஒரு தடவை போதாது. அவர் கை மூங்கிலை விடாமல் இருக்கப் பழகும்வரை நட.

வீட்டுக்குப் பின்னால், ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கும் பலகை அந்தப் பலகைதான். தொழிற்சாலை வேலை முடிந்ததும் உன் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதைக் கோலாலம்பூருக்கு எடுத்துப் போ, இதைவிட நல்ல பலகை உனக்கு அங்கே கிடைக்கலாம், ஆனாலும் எடுத்துப் போ. இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வா. தொட்டிகளை நான் இறக்கி வைத்துவிட்டேன், பலகையைச் செங்கல் மேல் போட்டுவிட்டேன். பெரிய சட்டியில் பாதிக்கு மண் நிரப்பியிருக்கிறேன், அதற்கு மேல் என் இடுப்பு தாங்காது. நீ வாசல் பக்கமிருந்து வா, நான் கிணற்றுப் பக்கமிருந்து வருகிறேன். தொப்பியை மறக்காமல் கொண்டு வா. எனக்கும் ஒன்று.

எதிரே வருவது உன் தாய். வயதானவள், சுமையோடு வருகிறாள், உன் கால் இறங்கப் பார்க்கும். இறங்கினால் ராமையா விழுந்த இடத்தில் நீயும் விழுந்ததாகக் கணக்கு. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம். என் மேல் உனக்கு மரியாதை இருப்பது எனக்குத் தெரியும். அதைக் கீழே இறங்கிய பிறகு காட்டு. பலகையில் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு பின்னால் நட. நீ நன்றாக நடக்கும்வரை சாப்பாடு கிடையாது.

உன் அம்மா